கண்டக்டரம்மாவின் பொறிவண்டுகள்

எங்கள் பசுமைக்குடில் விவசாயிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு யாராவது ஒருவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி தலைவர் என்னைக் கேட்டபோது, நான் என்னைப் பற்றித்தான் எழுதுவேன் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அதில் தப்பில்லை. எழுத வேண்டிய வாழ்க்கைதான் என்னுடையது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். மாடிப்படிகளில் ஓட்டை வாளிகளை வரிசையாக வைத்துக் குடைமிளகாய் நாற்று வளர்த்தேன். இன்றைக்கு நாலு பசுமைக்குடிலுக்குச் சொந்தக்காரி. இந்த வட்டாரத்தில் முதல் குடில் போட்டது நான், முதலில் சொட்டுநீர்க் குழாய் இழுத்தது நான். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் பிறகு என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து யோசனை கேட்டார்கள். கேட்டவர்களுக்குச் சொன்னேன். இன்னும் கேட்காதவர்கள் ஒரு நாள் வந்தால் விவரமாகச் சொல்கிறேன்.

இந்த முறை என் நாத்தனாரைப் பற்றி எழுதப் போகிறேன். ஒருத்தி தன் நாத்தனாரைப் புகழ்ந்தால் மழை கொட்டும் என்பார்கள். கொட்டட்டும், தொட்டி நிரம்பும்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. அறுபது வயது தாண்டியும் அவருக்கு அவள் 'பாப்பா'தான். ஊருக்கு அவள் கண்டக்டரம்மா. கல்யாணமாகி மூன்றாவது வருஷமே புருஷன் போய்ச் சேர்ந்தான், இடுப்பில் ஒரு பையன். எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று நாங்கள் கூப்பிட்டோம். "வந்தா வேலைக்குத்தான் வருவேன், சோத்துக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு நகரப் பேருந்தில் கண்டக்டர் வேலைக்குப் போனாள். அந்தத் தடத்தில் அதற்கு முன்பு ஒரு பெண் தோளில் பை மாட்டி நின்றதில்லை. முதல் வாரம் ஆண்கள் அவளிடம் டிக்கெட் வாங்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போனார்களாம். இரண்டாவது வாரம் அவள் வண்டியை நடுத்தெருவில் நிறுத்தி, விசிலை வாயில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒருத்தர் பாக்கி. அவர் யாருன்னு அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எனக்கு அவசரம் இல்ல." முழு வண்டியும் அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தது. அதோடு சரி. ஓய்வு பெறும்வரை அவள் வண்டியில் ஓசியில் ஏறினவன் கிடையாது.

அவளுக்குக் கண்ணாலேயே எண்ணுகிற பழக்கம் உண்டு. கல்யாண வீட்டில் நுழைந்தால் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு ஒரு பார்வை ஓட்டுவாள். "நூத்திப்பத்துப் பேரு, அண்ணி. இலை பத்தாது." பத்தாமலும் போகும்.

ஓய்வு பெற்றபோது பையன் வேறு ஊரில் குடும்பத்தோடு இருந்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இவளுக்கு அங்கே போய் வீட்டுக்குள் அடைந்து கிடக்க மனமில்லை. எங்கள் வீட்டுக்குத் தோல்பையும் விசிலுமாக வந்து இறங்கினாள். வந்த அன்றே கேட்டாள்: "வேலை என்ன இருக்கு, அண்ணி? சும்மா உக்காந்து சாப்பிட்டா எனக்குத் தொண்டையில இறங்காது."

வேலை இருந்தது. அது ஆறு காலோடு காத்திருந்தது.

அந்த வருஷம் என் குடில்களில் அசுவினி புகுந்திருந்தது. செடிப்பேன் என்றால் எல்லோருக்கும் புரியும். பச்சையாக, கடுகைவிடச் சின்னதாக, இலைக்கு அடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். குருத்து சுருண்டுவிடும். பூச்சிமருந்துக் கடைக்காரர் கொடுத்ததை எல்லாம் அடித்தேன். ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் அதற்கு அண்ணன் ஒன்று கொடுப்பார், அதுவும் கேட்கவில்லை என்றால் அதற்கு அப்பன். கடைசியில் பேன் சாகவில்லை, தேனீதான் செத்தது. மிளகாயில் மருந்து வாசம் அடிக்கிறது என்று வாங்குகிற கம்பெனிக்காரர்கள் இரண்டு வண்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். சரக்கு திரும்பி வந்தது என் வரலாற்றிலேயே அதுதான் முதலும் கடைசியும்.

அப்போது ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பூச்சிகளைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். நாங்கள் அவளைப் பூச்சி டாக்டர் என்போம். கையில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் பொறிவண்டுகள். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்து, பாதி உளுந்தைக் கவிழ்த்த மாதிரி. "இதுங்களுக்குச் செடிப்பேன்தான் சாப்பாடும்மா. வளர்த்துப் பெருக்கிக் குடில்ல விட்டீங்கன்னா மருந்தைக் குறைச்சுடலாம்" என்றாள்.

நான் யோசிப்பதற்குள் நாத்தனார் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

மோட்டார் அறைக்குப் பின்னால் சும்மா கிடந்த அறையை அவளுக்குக் கொடுத்தேன். சுவரெல்லாம் தட்டு அடித்துக் கொடுத்ததும் நான்தான், அதையும் சொல்லி வைக்கிறேன். தட்டு முழுக்க அகல வாய் பாட்டில்கள், வாயில் மல் துணி கட்டி ரப்பர் பேண்டு போட்டவை. இன்னொரு பக்கம் தட்டுகளில் பயறு நாற்று. அது வண்டுக்கு இல்லை, பேனுக்கு. வண்டு வளர்க்க வேண்டுமென்றால் முதலில் அதன் சாப்பாட்டை வளர்க்க வேண்டுமே. என் வீட்டுக்காரர் அறை வாசலில் நின்று சிரிப்பார்: "ஊரு உலகமெல்லாம் பேனைக் கொல்லுது. எங்க வீட்லதான் அதுக்கு வேளாவேளைக்குத் தீனி. பேனைப் பெருமாளாக்குறதுன்னா இதுதான், பாப்பா!"

"நீங்க ஷேவிங்கை முடிங்கண்ணா, மீசைப் பக்கம் சோப்பு காயுது" என்பாள் அவள், நிமிர்ந்து பார்க்காமல்.

முதல் ஈட்டில் அடி வாங்கினாள். வண்டு மஞ்சள் முட்டைகளை நெல்மணி நிறுத்தி வைத்த மாதிரி கொத்துக் கொத்தாக இடும். பொரிந்து வருவது வண்டு இல்லை, கறுப்பாக ஒரு புழு. குட்டி முதலை மாதிரி இருக்கும், ஆனால் தாயைவிடத் தீனிப் பைத்தியம். எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் விட்டாள். மறுநாள் பார்த்தால் பாதியைக் காணோம். மூத்தது இளையதைத் தின்றுவிட்டது. அவளுக்கு வந்ததே கோபம். "என் பஸ்ல எவ்வளவு நெரிசல் இருந்திருக்கு அண்ணி. நின்னுக்கிட்டே வந்தவனும் உண்டு, தொங்கிக்கிட்டே வந்தவனும் உண்டு. பக்கத்து சீட்டுக்காரனைத் தின்னவன் ஒருத்தன் உண்டா?"

பூச்சி டாக்டர் காகிதத்தைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துக் கசக்கிப் பாட்டிலுக்குள் போடச் சொன்னாள். ஒன்றின் கண்ணில் ஒன்று படாமல் ஒளிந்துகொள்ள இடம். நாத்தனார் அதைச் 'சீட்டுப் போடுறது' என்பாள். தினமும் பழைய செய்தித்தாளைக் கிழித்துச் சீட்டுப் போட்டாள். அதற்கப்புறம் வண்டு பெருகியது. புழு பெருத்து, வாலால் தொங்கிக் கூடாகி, கூட்டை உடைத்துக்கொண்டு புள்ளியே இல்லாத வெளிர்மஞ்சள் வண்டாக வெளியே வரும். சாயங்காலத்துக்குள் சிவப்பேறிப் புள்ளி வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை பார்க்கிற மாதிரி கூப்பிடுவாள்: "அண்ணி, வாங்க, புதுசு ஒண்ணு பொட்டு வெச்சுக்குது!" நான் நாலு குடிலுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கிறவள். இருந்தாலும் போய்ப் பார்ப்பேன்.

அறைச் சுவரில் ஓர் ஆணி. அதில் அவளுடைய கண்டக்டர் பை தொங்கும். ரப்பர் பேண்டு, ஈரத் தூரிகை, பூதக்கண்ணாடி எல்லாம் அதற்குள்தான். காலையில் பையைத் தோளில் மாட்டினால் மாலையில்தான் ஆணிக்குப் போகும். ஓய்வு பெற்றதும் இளைத்துப் போய் வந்து இறங்கியவள், அந்த அறைக்குள் போன பிறகு எப்படித் தேறினாள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் எனக்கும் அந்த அறை மேல் ஒரு கண் இருந்தது. மிளகாய் வைக்கக் குளிர் அறை ஒன்று வேண்டும் என்பது என் நெடுநாள் திட்டம். என் ஒரு வீட்டு வண்டுக்காக இவ்வளவு பெரிய அறையைக் கட்டிப்போட்டு வைக்க முடியாது. சங்கத்தில் இருக்கிற மற்றவர்களும் வண்டு வாங்கினால்தான் அறை நிற்கும். இதை நான் அவளிடம் மூடி மறைக்கவில்லை. அவளும், "சரி அண்ணி. சங்கத்து ஆளுங்க வந்து பாக்கட்டும். வண்டு போச்சுன்னா நானும் பையனோட வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லும்போது கை மட்டும் பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சங்கத் தலைவர் ஒரு காலையில் வந்தார். மருந்துக்கடைக்காரரும் கூட வந்தார். யாரும் கூப்பிடவில்லை, ஆனால் அப்படி வருகிறவர்தான் அவர். "வண்டு எவ்வளவு தின்னும்னு எண்ணிக் காட்டுங்க. வாய்ப்பேச்சு எனக்கு வேணாம்" என்றார் தலைவர்.

"எண்ணிக்கையா? யாருகிட்ட கேக்கறீங்க?" என்றாள் நாத்தனார்.

ஐந்து பாட்டில். ஒவ்வொன்றிலும் ஈரப் பஞ்சில் காம்பு செருகிய ஒரு பயறு இலை, முப்பது பேன், ஒரு வண்டு. பேன்களை அவள் முந்தைய நாளே தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்திருந்தாள். எல்லாம் நல்ல கொழுகொழு என்று, பார்த்தவுடன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. தலைவர் எண்ணினார், சரியாக இருந்தது. மருந்துக்காரர் தன் கையாலேயே துணியைக் கட்டி முடிச்சுப் போட்டார். "நாளைக்கு இதே நேரம். முடிச்சு அவிழக் கூடாது" என்றார்.

மறுநாள் மருந்துக்காரரே முடிச்சை அவிழ்த்தார். நாத்தனார் எண்ணினாள். இலையின் அடிப்பக்கம், பிறகு மேல்பக்கம். இலையை அவள் மாடி பஸ் என்பாள், கீழ்த்தளம் எண்ணாமல் மேல்தளம் ஏற மாட்டாள். எண்ணிவிட்டு இலையைத் திருப்பினாள். மறுபடி எண்ணினாள்.

"எத்தனைம்மா?" என்றார் தலைவர்.

"முப்பத்தெட்டு."

அடுத்த பாட்டில் நாற்பத்தொன்று. அதற்கடுத்தது முப்பத்தாறு. ஐந்திலும் வைத்ததைவிட அதிகம் இருந்தது. பேன் சின்னதும் பெரியதுமாக ஊர்ந்துகொண்டிருக்க, வண்டு இலை நுனியில் வயிறு முட்டத் தின்றவன் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மருந்துக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கண்டக்டரம்மா, வண்டைப் பேன் தின்ன வெச்சீங்களா, பேறுகாலம் பாக்க வெச்சீங்களா?"

தலைவர் நல்ல மனிதர். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அதைவிடப் பெரிய குத்தாகக் குத்தினார். "பரவாயில்லம்மா. வயசாகுதில்ல, நேத்து எண்ணும்போது நாம ரெண்டு பேருமே விட்டிருப்போம்."

எண்ணும்போது விட்டிருப்போம். அவளைப் பார்த்து. முப்பது வருஷம் ஓடுகிற வண்டியில் தலை எண்ணியவளைப் பார்த்து.  அவள் பேசாமல் நின்றதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டு ஆளை என் இடத்தில் நின்று நான் மட்டும்தான் குறை சொல்லலாம். "அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி இன்னொரு தடவை பாருங்க. இது என் வாக்கு" என்று தலைவரிடம் சொன்னேன். என் வாக்கு அந்தச் சங்கத்தில் செல்லும். அவர் ஒத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் குளிர் அறை போடுகிற மெக்கானிக் வந்துவிட்டார். முன்பே சொல்லி வைத்திருந்தது, நிறுத்த மறந்துபோனேன். அளவு நாடாவை நீட்டி அறையின் சுவரை அளந்துகொண்டிருந்தார். நாத்தனார் உள்ளே வந்து பார்த்தாள். ஆணியிலிருந்து பையை எடுத்தாள். உள்ளே இருந்த தூரிகையையும் கண்ணாடியையும் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, வெறும் பையை மடித்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றேன்.

"இடத்தைக் காலி பண்ணிக் கொடுக்கறேன் அண்ணி. அவரு நல்லா அளக்கட்டும்."

"என் வாக்கைக் கேட்டியா இல்லையா நீ?"

"கேட்டேன். வண்டு கேக்கலையே."

மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பினேன். அவரும் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, "எப்ப வரணும்மா?" என்று கேட்டார். "சொல்லி அனுப்பறேன்" என்றேன். அதை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று மதியம் பூச்சி டாக்டர் வந்தாள். நடந்ததைக் கேட்டாள். சிரிக்கவும் இல்லை, பாவம் பார்க்கவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: "எந்த மாதிரிப் பேனை எடுத்து வெச்சீங்க?"

"இருக்கறதுலயே பெருசா, கொழுத்ததாப் பொறுக்கினேன். பெரிய மனுஷங்க வர்ற இடம். பொடிப்பொடியா வெச்சா மரியாதையா இருக்குமா? கண்ணுக்குத்தான் தெரியுமா?"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா, நடுத்தர வயசுப் பேனை எடுங்கன்னு சொன்னேனே. இப்ப நீங்க நிறைமாசக்காரிங்க முப்பது பேரை ஒரே ரூம்ல குடிவெச்சிருக்கீங்க!"

"நிறைமாசமா? பூச்சிக்கா?"

"அதுங்க குட்டி போடும்மா. ஆணும் வேணாம், முட்டையும் வேணாம். பெரிசா இருக்கறது எல்லாமே தாய்தான். ஒரு நாளைக்கு மூணு நாலு குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். முன்னாடியே சொன்னேனே?"

"சொன்னீங்க. குட்டி போடுதுன்னா ஏதோ பேச்சுக்குச் சொல்றீங்கன்னு நினைச்சேன். குட்டி போட அது என்ன மாடா?" அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வண்டு முட்டையிட்டுப் பொரிய எத்தனை நாள் ஆகிறது என்று தினமும் பார்க்கிறவள். மூடிக் கட்டிய பாட்டிலுக்குள் ஒரு நாளில் ஒரு தலை கூடாது என்பதுதான் அவள் கணக்கு. "கதவைச் சாத்தின பஸ்ஸுல ஆள் எப்படி டாக்டரம்மா கூடும்?"

"சண்டை வேணாம். ஒரு பாட்டில்ல அதே மாதிரி முப்பது கொழுத்த பேனை வெச்சு, வண்டே போடாம கட்டி வையுங்க. முதல் நாளும் அப்படி ஒண்ணு பக்கத்துல வெச்சிருக்கணும். வண்டு இல்லாம என்ன ஆகும்னு தெரிஞ்சாத்தானே, வண்டு என்ன செஞ்சுதுன்னு தெரியும்?"

"ஆளே இல்லாத பஸ்ஸுக்கு விசில் ஊதுற வேலை" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் வைத்தாள். டாக்டர் சொன்னது பொய் என்று காட்டுவதற்காகவே வைத்தாள், எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை நான் நாற்றுக்குத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டு அறையிலிருந்து விசில். சாப்பிடக் கூப்பிடுகிற சின்ன விசில் இல்லை. ஓடுகிற வண்டியைச் சடாரென்று நிறுத்துவதற்கு ஊதுவார்களே, அந்த நீள விசில். பறிக்கிற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். பாம்பு புகுந்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

அவள் பூதக்கண்ணாடியைப் பாட்டில் மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். "வாங்க அண்ணி. பேசாம பாருங்க."

பார்த்தேன். கொழுத்த பேன் ஒன்று ஆடாமல் நின்றது. அதன் பின்பக்கத்திலிருந்து ஏதோ வெளியே வந்துகொண்டிருந்தது. கால் முதலில், பச்சை மணல் துகள் மாதிரி. கொஞ்ச நேரம் தொங்கியது. பிறகு இலையில் கால் ஊன்றி, பிரிந்து, தன்பாட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டது. தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சாறு உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

"நடுவழியில ஏறினவங்க, அண்ணி!" என்றாள் நாத்தனார். அவள் குரல் அறைக்குள் அடங்கவில்லை. "நான் ஏத்தினது முப்பது பேரு. சரியாத்தான் எண்ணியிருக்கேன். மத்ததெல்லாம் நடுவழியில ஏறினது! எனக்கு எண்ணத் தெரியும்!"

"உனக்கு எண்ணத் தெரியாதுன்னு எவன் சொன்னது, பாப்பா?" என்றார் நுரை முகம்.

வண்டில்லாத அந்தப் பாட்டிலை எண்ணினாள். முப்பது பேன் ஒரே நாளில் நூற்றிருபதுக்கு மேல் ஆகியிருந்தது. அதே முப்பதோடு வண்டு இருந்த பாட்டிலில் மிச்சம் நாற்பதுதான். வண்டு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நாள் முழுக்கத் தின்றிருக்கிறது, தின்னத் தின்னப் பிறந்திருக்கிறது. ஓடுகிற படிக்கட்டில் எதிர்ப்பக்கமாக ஏறினவன் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரிதான். அவன் ஏறவில்லை என்று சொல்ல முடியுமா?

டாக்டருக்குச் சொல்லி அனுப்பினோம். அவள் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இந்த எண்பதையும் வண்டு தின்னுச்சுன்னு சொல்லிடக் கூடாதும்மா. தாயைத் தின்னா அதுக்கப்புறம் அது குட்டி போடாதில்ல? தின்னது கொஞ்சம், பிறக்க விடாதது கொஞ்சம்" என்றாள்.

நாத்தனார் அதற்கும் பதில் வைத்திருந்தாள். "டிக்கெட் இல்லாதவனை இறக்கி விட்டதும் என் கணக்குத்தான், ஏறவே விடாததும் என் கணக்குத்தான். ஆனா நீங்க சொன்னதை நான் முதல்லயே கேட்டிருக்கணும் டாக்டரம்மா. கொழுத்ததைக் காட்டி மரியாதை பண்ணப் போயி, மரியாதையைத் தொலைச்சேன்." சொல்லிவிட்டு மடித்து வைத்திருந்த பையை உதறி, தூரிகையை உள்ளே போட்டுத் தோளில் மாட்டினாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சங்கத்தார் பத்துப் பேர் வந்தார்கள். நான் நாற்காலி போட்டு வைத்திருந்தேன். இந்தத் தடவை தட்டில் இரண்டு ஜோடிப் பாட்டில்கள். ஒரு ஜோடியில் இன்னும் குட்டி போடும் வயது வராத பேன்கள், இன்னொரு ஜோடியில் அதே பழைய கொழுத்த தாய்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பாட்டிலில் வண்டு, ஒன்றில் வண்டு கிடையாது.

"யாரு எண்ணப் போறது?" என்றார் தலைவர்.

"அவரு" என்று மருந்துக்காரரைக் காட்டினாள் நாத்தனார். "எனக்கு வயசாகுதில்ல."

மருந்துக்காரர் கண்ணாடியை வாங்கிக்கொண்டு குனிந்தார். பத்து, பதினைந்து, பதினெட்டு வரை போனார். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். "என்னங்க இது, நகருதுங்க!"

"பஸ்ல மட்டும் ஆடாம அசையாம நிப்பாங்களா? பின்னாடியிலிருந்து முன்னாடி வாங்க. எண்ணினவனைத் திரும்பிப் பாக்காதீங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் வேர்த்து விறுவிறுத்து நாலு பாட்டிலையும் எண்ணி முடித்தார். தன் கையாலேயே முடிச்சுப் போட்டார்.

மறுநாள் அவரே அவிழ்த்தார். முதல் ஜோடி. வண்டில்லாத பாட்டிலில் முப்பதில் ஒன்று குறைந்து இருபத்தொன்பது. வண்டு இருந்த பாட்டிலில் இரண்டே இரண்டு, அதுவும் காம்படியில் ஒளிந்துகொண்டிருந்தவை.  இரண்டாவது ஜோடி. வண்டோடு இருந்ததில் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. வண்டில்லாததை எண்ண ஆரம்பித்தவர் எழுபதைத் தாண்டியதும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னாச்சு?" என்றார் தலைவர்.

"போதும்ங்க. இலையே தெரியல."

"நீங்க அன்னைக்கு விளையாட்டாச் சொன்னதுதான் நிஜம்" என்றாள் நாத்தனார். "பேறுகாலம் நடந்துச்சு. ஆனா வண்டு வைத்தியம் பாக்கல. தொட்டில்லயே கை வெச்சிருக்கு."

தலைவர் எழுந்து நின்றுவிட்டார். "பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். எனக்குப் போதும். ஆனா கண்டக்டரம்மா, நாங்க இத்தனை பேரு இருக்கோம். இத்தனை குடிலுக்கும் உங்களால வண்டு தர முடியுமா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் இத்தனை மாதம் காத்திருந்தாள் என்று அப்போது எனக்குப் புரிந்தது. வாய் திறந்தாள், தடம் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். "முன்னாடி நூறு முட்டைக்குப் பத்து வண்டு தேறாது, ஒண்ணை ஒண்ணு தின்னுடும். இப்ப எல்லாத்துக்கும் சீட்டுப் போட்டிருக்கேன், அறுபது தேறுது. முட்டையிலிருந்து முட்டை வரைக்கும் ஒரு சுத்து எவ்வளவு நாள்னு எனக்குத் தெரியும். உங்க செடி பூ எடுக்கிறதுக்குள்ள எல்லாக் குடிலுக்கும் வந்துடும். ஒண்ணே ஒண்ணு. பேன் ஒரு வாரத்துல பாட்டி ஆயிடும், என் வண்டுக்கு மாசம் ஆகும். அதனால முதல் பேனைப் பாத்ததும் கூப்பிடுங்க. பஸ் பிதுங்கி வழியும்போது என்னைக் கூப்பிட்டா நான் எங்கே நிக்கிறது?"

கைதட்டினார்கள். என் இடத்தில் நான் கட்டிய அறையில் கைதட்டல். நானும் தட்டினேன், எல்லோரையும்விடச் சத்தமாக.

மருந்துக்காரர் கடைசியாகக் கிளம்பினார். வாசலில் நின்று செருப்பை மாட்டுகிற சாக்கில் நேரம் கடத்தினார். "அக்கா, உங்க வண்டை நம்ம கடையில வெச்சு வித்தா என்ன?"

"என்னைக் கேக்காதீங்க. கண்டக்டர் உள்ள இருக்காங்க" என்றேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "வெக்கலாம். அதே தட்டுல பக்கத்துல மருந்து இருக்கக் கூடாது. வண்டுக்கு வாசம் ஆகாது."

இன்றும் அவர் கடையில் வண்டுப் பெட்டிக்குத் தனி அலமாரி இருக்கிறது. இதை அவர் படிப்பார். படிக்கட்டும், உண்மையைத்தானே எழுதுகிறேன்.

குளிர் அறையை நான் வேறு இடத்தில் கட்டினேன். முதலில் நினைத்ததைவிடப் பெரிதாக, நல்லதாக. நான் கை வைத்தால் அப்படித்தான். அதே மெக்கானிக்தான் வந்தார். வண்டு அறைப் பக்கம் நாடாவை நீட்டாமல் கவனமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

வண்டு அறை இப்போது மூன்று அறை. காகிதம் கிழிக்கவே நாலு பெண்கள். புதிதாக வந்த ஒருத்தி முதல் நாள் குடிலில் கறுப்புப் புழுவைப் பார்த்து நசுக்கப் போனாள். எங்கிருந்தோ விசில் வந்தது. அவள் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. "அது நம்ம ஆளும்மா. இன்னும் யூனிபார்ம் போடல, அவ்வளவுதான்" என்றாள் கண்டக்டரம்மா.

பூச்சி டாக்டர் மாதம் ஒரு முறை வருகிறாள். இருவரும் பாட்டிலை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். வண்டு போடாத பாட்டில் ஒன்று மட்டும் எப்போதும் பக்கத்தில் இருக்கும். அதை எடுத்துவிடலாமா என்று யாராவது கேட்டால், டாக்டரை முந்திக்கொண்டு நாத்தனாருக்குக் கோபம் வரும்.

பையன் போன மாதம் வந்திருந்தான், அம்மாவை அழைத்துப்போக. மூன்று அறையையும் சுற்றிப் பார்த்தான். அந்தப் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பிப் போய், குழந்தையையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து தங்கினான்.

இப்போதெல்லாம் விடிந்தால் வாசலில் வண்டி வந்து நிற்கும். பெட்டிகளை ஏற்றுவார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை பெட்டிகளைக் கண்ணால் ஓட்டுவாள். ஒருமுறைதான். பிறகு வண்டியின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு.

"ரைட், போலாம்!"

விசில் ஊதுவாள். டிரைவர் புதியவர் என்றால் சிரிப்பார், பழையவர் என்றால் வண்டியை எடுப்பார்.